அல்சர்: குற்றவாளி கிருமியா, கவலையா?

தமிழ்நாட்டில் வயிறு எரிகிறது என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பதில் தயாராக இருக்கும். "வேளாவேளைக்குச் சாப்பிடறதில்ல, அதான் அல்சர்" என்பார். இல்லாவிட்டால் "சும்மா டென்ஷன் ஆகாதே, எல்லாம் சரியாயிடும்" என்பார். மருந்துக்கடைக்காரர் பேச்சே இல்லாமல் அமிலத்தைக் குறைக்கும் பான்-40 மாத்திரை ஒரு பட்டையை எடுத்து நீட்டுவார்.

மன அழுத்தம் உடம்பை எப்படிக் கெடுக்கிறது என்று எழுதுகிறவர்கள் வழக்கமாக இதயத்தையோ சர்க்கரை நோயையோ எடுத்துக்கொள்வார்கள். நான் வயிற்றை எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. இந்த ஒரு நோயைப் பற்றி மருத்துவ உலகம் ஐம்பது ஆண்டுகள் "எல்லாம் மனசுதான்" என்றது. பிறகு ஒரே அடியாக "மனசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, கிருமிதான்" என்றது. இப்போது கொஞ்சம் அசடு வழிந்தபடி நடுவில் வந்து நிற்கிறது. மனமும் உடம்பும் ஒன்றையொன்று எப்படித் தொடுகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை வேறு நோய்க்கு இல்லை.

மனம் கலங்கினால் வயிறு வேலையை நிறுத்திவிடும் என்பதை நேரில் பார்த்துப் பதிவு செய்தவர்களில் ஒருவர் வால்டர் கேனன். 1890-களின் கடைசியில், ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்தபோது, அப்போதுதான் வந்திருந்த எக்ஸ்ரேயை வைத்துப் பூனையின் இரைப்பை உணவைப் பிசையும் அசைவைக் கவனித்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டாலோ சீறினாலோ அந்த அசைவு சட்டென்று நின்றுபோனது. ஆபத்து வந்தால் சண்டை போட அல்லது ஓட உடம்பு தயாராகிறது என்று அவர் பிற்காலத்தில் எழுதியதற்கெல்லாம் விதை அங்கேதான் விழுந்தது. புலி துரத்தும்போது செரிமானம் எதற்கு?

அடுத்தவர் ஹான்ஸ் செல்யே. வியன்னாவில் பிறந்து கனடாவின் மான்ட்ரியாலில் வேலை பார்த்தவர். 1936-ல் 'நேச்சர்' அறிவியல் இதழில் ஒரு சின்னக் கடிதம் எழுதினார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், ஓடவிட்டுக் களைக்கச் செய்தாலும், நச்சுப் பொருளை ஊசியில் ஏற்றினாலும் உடம்புக்குள் ஒரே மூன்று மாற்றங்கள்தான் தெரிந்தன: அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்புக்கு வேண்டிய தைமஸ் சுருங்கியது, இரைப்பையிலும் குடலிலும் புண் வந்தது. இன்று நாம் வாய்க்கு வாய் சொல்லும் 'ஸ்ட்ரெஸ்' என்ற கருத்து மருத்துவத்துக்குள் நுழைந்ததே இந்த எலிகளின் வயிற்றுப் புண்ணோடுதான்.

எலி, பூனை இருக்கட்டும், மனித வயிற்றில் என்ன நடக்கிறது? அதைப் பார்க்க ஒரு விபத்து வழி செய்தது. டாம் என்று மருத்துவ ஏடுகள் குறிப்பிடும் அமெரிக்கர் ஒன்பது வயதில் கொதிக்கக் கொதிக்க ஒரு சூப்பை விழுங்கிவிட்டார். உணவுக்குழாய் வெந்து மூடிக்கொண்டது. உயிர் பிழைக்க, டாக்டர்கள் வயிற்றில் நேராக இரைப்பைக்கு ஒரு துளை போட்டார்கள். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அவர் உணவை வாயில் மென்று ருசி பார்த்துவிட்டு, ரப்பர் குழாயில் பொருத்திய புனலில் துப்பி வயிற்றுக்கு அனுப்பித்தான் சாப்பிட்டார். பிறர் முன்னால் சாப்பிடவே மாட்டார். 1940-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஸ்டீவர்ட் வுல்ஃப், ஹரால்டு வுல்ஃப் என்ற இரு மருத்துவர்கள் அவருக்குத் தங்கள் ஆய்வுக்கூடத்திலேயே வேலை கொடுத்து, அந்தத் துளை வழியாக இரைப்பையின் உட்சுவரை நாள்தோறும் பார்த்துக் குறித்துவந்தார்கள்.

ஒருநாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு டாக்டர் கோபமாக உள்ளே வந்து இழுப்பறைகளைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். அவர் தேடிய ஆய்வுக் குறிப்புகளை முந்தின நாள் இடம் மாற்றி வைத்துத் தொலைத்தவர் டாம்தான். மாட்டிக்கொண்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில் வாயைத் திறக்காமல், அசையாமல் கிடந்தார். முகம் வெளிறியது. அதே நேரத்தில் இரைப்பையின் உட்சுவரும் வெளிறிப்போனது. அந்த டாக்டர் காகிதத்தைக் கண்டெடுத்து வெளியே போன பிறகுதான் இரண்டுக்கும் நிறம் திரும்பியது. இன்னொரு சமயம், வேலையில் மெத்தனம் என்று யாரோ குறை சொல்லி ஒரு பொறுப்பிலிருந்து அவரை நீக்கினார்கள். எதிர்த்துப் பேசவில்லை, உள்ளுக்குள் குமைந்தார். இந்த முறை இரைப்பை இரத்தச் சிவப்பாகி, அமிலம் கூடியது. பயம் வேறு, அடக்கிய கோபம் வேறு, இரண்டுக்கும் வயிறு வேறு வேறு விதமாக நடந்துகொண்டது.

இதுவரை எல்லாம் கண்ணால் கண்ட சாட்சி. வண்டி தடம் புரண்டது இதற்குப் பிறகுதான். சிகாகோவில் மனப்பகுப்பாய்வாளர் ஃப்ரான்ஸ் அலெக்சாண்டர் ஏழு நோய்களை மனத்தின் கணக்கில் எழுதினார். ஆஸ்துமா, ரத்தக்கொதிப்பு, மூட்டுவாதம் ஆகியவற்றோடு அல்சரும் அந்தப் பட்டியலில் இருந்தது. வெளியே திடமாகத் திரிகிற, உள்ளே அம்மாவின் அரவணைப்புக்கு ஏங்குகிற ஆளுக்குத்தான் அல்சர் வரும் என்று விளக்கமும் சொல்லப்பட்டது. நோயாளிக்கு வயிற்றுவலி போதாதென்று குணக்கேடு என்ற பெயரும் சேர்ந்தது.

1958-ல் அமெரிக்க ஆய்வாளர் ஜோசஃப் பிரேடியின் குரங்குச் சோதனை வந்தது. இரண்டிரண்டு குரங்குகளாகக் கட்டிவைத்து மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு குரங்கு நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருந்தால் இரண்டுமே தப்பிக்கும். அந்தப் 'பொறுப்பாளி' குரங்குகளுக்குத்தான் அல்சர் வந்தது, சும்மா இருந்தவற்றுக்கு வரவில்லை. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். பெரிய பதவி, பெரிய பொறுப்பு, அதனால் அல்சர் என்று முதலாளிகளுக்கே ஒரு பெருமை வந்துவிட்டது. ஆனால் அந்தச் சோதனையில் ஓர் ஓட்டை இருந்தது. நெம்புகோலை வேகமாக அழுத்தக் கற்றுக்கொண்ட குரங்குகளைப் பார்த்துத்தான் பொறுப்பாளிகளாகப் போட்டிருந்தார்கள். அதாவது முதலிலேயே பதற்றம் கூடிய குரங்குகள் ஒரு பக்கம் சேர்ந்திருக்கலாம். இதைப் பிறர் சுட்டிக்காட்டியபோது பொறுப்பாளிக் குரங்கு ஊரெங்கும் பிரபலமாகிவிட்டிருந்தது.

அந்தக் காலத்தில் வைத்தியம் என்று நடந்தது மணிக்கொரு தரம் பாலும் பாலேடும், அமிலத்தைத் தணிக்கும் மருந்து, ஓய்வு. முற்றினால் வயிற்றுக்கு உத்தரவு கொண்டுவரும் வேகஸ் நரம்பை வெட்டும் ஆபரேஷன். நம் ஊரிலும் அந்தத் தலைமுறையில் மேல்வயிற்றில் நீளத் தழும்போடு நடமாடிய பெரியவர்கள் உண்டு. 1976-ல் சிமெட்டிடின் வந்து அமிலத்தை மாத்திரையிலேயே குறைத்தது. மாத்திரையை நிறுத்தினால் புண் திரும்பியது. கவலைதானே காரணம், கவலை போகவில்லை, புண்ணும் போகவில்லை என்று எல்லாரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இரண்டு பேர் மட்டும் சமாதானம் ஆகவில்லை. நோய்க்கூறு வல்லுநர் ராபின் வாரன், வீங்கிய இரைப்பைத் திசுக்களில் சுருள் வடிவ பாக்டீரியாவைத் தொடர்ந்து பார்த்துவந்தார். அத்தனை அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்பதுதான் அன்றைய பாடம். இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்து அதை வளர்க்கப் பார்த்தார். இரண்டு நாளில் ஒன்றும் முளைக்காவிட்டால் ஆய்வுக்கூடத்தில் தட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் யாரும் கவனிக்காததால் தட்டுகள் கூடுதல் நாட்கள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. இது மெதுவாக வளரும் ரகம். அதுவரை எறிந்ததெல்லாம் அவசரப்பட்டு எறிந்தது.

யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி வளர்ந்த கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக விட்டுவிடும் ஒரு விஷயம்: அவருக்கு வந்தது அழற்சி, அல்சர் இல்லை. ஆனாலும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் அல்சர் ஆறி, திரும்பி வராமலேயே போகிறது என்று ஆய்வுகள் வரிசையாக நிரூபித்தன. ஹெலிகோபேக்டர் பைலோரி, சுருக்கமாக எச். பைலோரி, என்ற அந்தக் கிருமியின் பெயர் பாடப்புத்தகம் ஏறியது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

பாலையும் பத்தியத்தையும் நம்பி, குணக்கேடு என்ற பழியையும் சுமந்த லட்சக்கணக்கானவர்களுக்கு இது விடுதலை. அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் அதோடு வயிற்றுப் புண்ணில் மனத்தின் பங்கைப் பற்றிய ஆராய்ச்சியும் படுத்துவிட்டது. கிருமி கிடைத்துவிட்டது, வழக்கு முடிந்தது என்ற மனநிலை.

வழக்கு முடியவில்லை. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வயிற்றில் இந்தக் கிருமி குடியிருந்திருக்கிறது. அவர்களில் வாழ்நாளில் அல்சர் வருவது பத்தில் ஒருவர், மிஞ்சிப்போனால் இருவருக்கு. மற்றவர்களுக்கு ஏன் வருவதில்லை? கிருமியும் இல்லாமல், வயிற்றைப் புண்ணாக்கக்கூடிய வலிமாத்திரையும் சாப்பிடாமல் அல்சரோடு வருகிறவர்கள் யார்?

பழைய ஏடுகளிலேயே ஒரு தடயம் இருந்தது. 1940 செப்டம்பரில் லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் இரவிரவாகக் குண்டு பொழியத் தொடங்கியபோது, வயிற்றுப் புண் ஓட்டையாகி மருத்துவமனைக்கு வந்தவர்கள் திடீரென்று கூடினார்கள். ஓராண்டு கழித்தோ இரண்டாண்டு கழித்தோ இல்லை, அந்த மாதங்களிலேயே. 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே பகுதியை நிலநடுக்கம் தாக்கியது. 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கடுத்த வாரங்களில் ரத்தம் கசியும் இரைப்பைப் புண்கள் அதிகரித்ததை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வயிற்றில் கிருமி இருந்தது. ஆனால் அந்தக் கிருமி ஜனவரி 16 அன்றும் அங்கேதான் இருந்தது. பல ஆண்டுகளாகவே இருந்தது. 2011 மார்ச்சில் வடகிழக்கு ஜப்பானில் சுனாமிக்குப் பிறகும் இதே கூட்டம் வந்தது. இந்த முறை கிருமியும் வலிமாத்திரையும் இல்லாதவர்களின் பங்கு முன்பைவிடக் கூடியிருந்தது.

பேரிடர் என்றால் பட்டினி, குளிர், காயம் எல்லாம் சேர்ந்துதானே வரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு டென்மார்க்கிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. அங்கே 1980-களின் தொடக்கத்தில் அல்சர் இல்லாத 3,379 பேரிடம் அவர்கள் வாழ்க்கைச் சுமைகளைக் கேட்டுக் குறித்துவிட்டு, ரத்தமும் எடுத்துச் சேமித்து வைத்தார்கள். பதினோரு, பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். சூசன் லெவன்ஸ்டீன் குழு 2015-ல் வெளியிட்ட முடிவின்படி, அழுத்தம் மிகுந்த மூன்றில் ஒரு பகுதியினரில் 3.5 சதவீதத்தினருக்கும் குறைந்த மூன்றில் ஒரு பகுதியினரில் 1.6 சதவீதத்தினருக்கும் அல்சர் வந்தது. கிருமியோடு வந்த அல்சர், கிருமியும் வலிமாத்திரையும் இல்லாமல் வந்த அல்சர் என்று பிரித்துப் பார்த்தாலும் அழுத்தத்தின் பங்கு மறையவில்லை. 3.5 சதவீதம் என்பதையும் கவனிக்க வேண்டும். கவலைப்படுகிற எல்லாருக்கும் அல்சர் வந்துவிடாது.

உள்ளே நடப்பது இதுதான். இரைப்பை அமிலம் இறைச்சியையே கரைக்கக்கூடியது. அது தன் சொந்தச் சுவரைக் கரைக்காமல் இருப்பதற்குக் காரணம், சுவரின் மேல் படிந்திருக்கும் வழவழப்பான சளிப்படலமும் அதற்குள் கலந்த, அமிலத்தை முறிக்கும் காரப்பொருளும், அடியில் ஓயாமல் ஓடும் ரத்தமும். கிருமி அந்தப் படலத்துக்குள் புகுந்து அழற்சியை உண்டாக்குகிறது. டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போன்ற வலிமாத்திரைகள் படலத்தைப் பராமரிக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளையே சுரக்கவிடாமல் தடுக்கின்றன. மூளை ஆபத்து என்று முடிவு செய்தால் அட்ரினலின் பாய்ந்து ரத்தத்தைத் தசைகளுக்குத் திருப்பிவிடுகிறது. டாமின் இரைப்பை வெளிறியது இதனால்தான். அதைத் தொடர்ந்து வரும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன், பழுது பார்க்கும் வேலைகளைத் தள்ளிப்போடுகிறது. பத்து நிமிட ஆபத்துக்கு இது அருமையான ஏற்பாடு. பத்து மாதம் நீண்டால் சுவர் மெலிகிறது. தீக்காயம், தலைக்காயம் பட்டு ஐசியூவில் கிடக்கிறவர்களுக்கு அல்சரைத் தடுக்கும் மருந்தைப் பல சமயம் முன்கூட்டியே கொடுப்பது இதனால்தான்.

இது நேர்வழி. சுற்றுவழி ஒன்றும் இருக்கிறது. என் கணிப்பில் நம் ஊரில் அதுதான் அதிகம். வேலையில் நெருக்கடி என்றால் மதியச் சாப்பாடு நாலு மணிக்குத் தள்ளிப்போகும். நடுவில் இரண்டு டீ, ஒரு சிகரெட். ராத்திரி தூக்கம் வராது. காலையில் தலைவலி, வெறும் வயிற்றில் ஒரு வலிமாத்திரை. இதில் எது மனம், எது உடம்பு என்று கோடு போட்டுப் பிரிக்க யாராலும் முடியாது.

எல்லா அழுத்தமும் ஒன்றில்லை என்பதைக் காட்டியவர் ஜே வைஸ். 1970 வாக்கில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு வாலில் மின் அதிர்ச்சி கொடுத்தார். எல்லா எலிக்கும் ஒரே அளவு மின்சாரம். ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சிக்கு முன்னால் ஒரு ஒலி கேட்கும். அந்த எலிக்குப் புண் மிகக் குறைவு. எப்போது வரும் என்று தெரியாமல் இருந்த எலிக்குப் பல மடங்கு அதிகம். சக்கரத்தைச் சுழற்றி அதிர்ச்சியை நிறுத்த முடிந்த எலியும் அதைச் செய்ய வழியில்லாத ஜோடி எலியைவிடத் தப்பித்தது. பிரேடியின் குரங்குகள் சொன்னதற்கு நேர் எதிர்.

மனிதர்களிலும் அப்படித்தான். 1967-ல் தொடங்கிய பிரிட்டன் அரசு ஊழியர் ஆய்வில் மைக்கேல் மார்மட் கண்டது, இதயநோயில் அதிகம் இறந்தவர்கள் கோப்பில் கையெழுத்துப் போடும் அதிகாரிகள் இல்லை, கடைநிலை ஊழியர்கள். மேல்தட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. எல்லாருக்கும் ஒரே இலவச மருத்துவம். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. 1985-ல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில், தன் வேலையைத் தான் தீர்மானிக்க முடியாத நிலை இதயநோயோடு சேர்ந்தே வந்தது. எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்று முந்தின இரவுதான் தெரியவரும் ஒரு சப்ளை பையனிடம் போய் "டென்ஷன் ஆகாதீங்க" என்பதில் என்ன இருக்கிறது? அவருக்கு வேண்டியது ஒலி கேட்ட எலிக்குக் கிடைத்தது: முன்கூட்டியே ஒரு தகவல்.

வயிற்றைத் தாண்டியும் சான்று இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஷெல்டன் கோஹன் குழு 394 பேர் மூக்கில் சளி வைரஸை வேண்டுமென்றே விட்டுப் பார்த்தது. 1991-ல் வந்த முடிவு: அழுத்தம் குறைந்தவர்களில் 27 சதவீதத்தினருக்கும் மிகுந்தவர்களில் 47 சதவீதத்தினருக்கும் சளி பிடித்தது. ஒஹையோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் 1995-ல், மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் காயம் ஏற்படுத்தி, ஆற எத்தனை நாள் ஆகிறது என்று எண்ணினார். சராசரியாக 48.7 நாள். அந்தச் சுமை இல்லாத பெண்களுக்கு 39.3 நாள். வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவரை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டவர்களுக்கு இந்த ஒன்பது நாள் வித்தியாசம் ஆச்சரியமாக இருக்காது.

தென்னிந்தியாவுக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. மைசூரில் அறுவை மருத்துவராக இருந்த ஃப்ராங்க் டோவி போன்றவர்கள் எழுதிவைத்தபடி, சென்ற நூற்றாண்டில் அரிசி உண்ணும் தெற்கில், இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் வரும் புண் மிக அதிகம். கோதுமை உண்ணும் பஞ்சாப் பக்கம் குறைவு. கிருமியோ இரண்டு பக்கமும் தாராளம். உணவா, மெல்லும் விதமா, வேறெதுவுமா என்று விவாதம் நடந்தது. கிருமி மட்டும் போதாது என்பதற்கு வெளிநாட்டுச் சான்று தேடிப் போக வேண்டியதில்லை.

ஆகவே டாக்டரிடம் போனால் கேட்க வேண்டியது இரண்டு பக்கமும் இருக்கிறது. மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் திசுவோ, ஏதாவது ஒன்றில் எச். பைலோரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம். இருந்தால் பெரும்பாலும் பதினான்கு நாள் மருந்து; நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். எந்த வலிமாத்திரையை எவ்வளவு நாளாகச் சாப்பிடுகிறோம் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். தூக்கம், ஷிஃப்ட், வீட்டு நிலவரம் ஆகியவையும் அதே பட்டியலில் வரட்டும். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ "டென்ஷன்தான்" என்று யார் சொன்னாலும் கேட்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடக்கும்போது கூடி, தாடைக்கோ கைக்கோ பரவி, வேர்த்துக் கொட்டும் 'கேஸ்' வலிக்கும் அதேதான். அது மாரடைப்பாக இருக்கலாம், ஜெலுசில் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் முதலில் ஒரு ஈசிஜி எடுக்க வேண்டும்.